சொகுசு எஸ்யூவிக்கு எந்த எரிபொருள்? டேங்க் மூடிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படிக்கும் முறை

பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் வரும் முதல் கேள்வி, "நார்மலா சார், பவரா?" ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு நார்மல் போடச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் விலை கூடியதைக் கேட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் எல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு மலிவானதைப் போடுகிறார்கள். இரண்டு பேருமே பார்க்கத் தவறுவது ஒரு சின்ன ஸ்டிக்கரை. பெட்ரோல் ஊற்றும் இடத்தின் கதவைத் திறந்தால், அதன் உட்புறத்தில் எந்த எரிபொருள், எத்தனை ஆக்டேன், எத்தனால் எவ்வளவு வரை என்று எழுதியிருக்கும். விவரம் வேண்டுமென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் எரிபொருள் பக்கத்தைப் பாருங்கள். அந்த ஒரு வரியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் அதைத் தப்பாகப் படிக்கத்தான் நிறைய வழிகள் இருக்கின்றன.

91, 95, 100: இவை எதை அளக்கின்றன?

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளக்கவில்லை. ஒரு லிட்டர் 91-லும் ஒரு லிட்டர் 95-லும் இருக்கும் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பொறுமையின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அளப்பதற்கு இரண்டு திரவங்களை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். சுலபத்தில் தானாகப் பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100. பட்டென்று பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0. ஓடும்போதே அழுத்த விகிதத்தை, அதாவது கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதை, மாற்றக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சினில் பெட்ரோலை எரித்துப் பார்த்து, அது 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல நடந்துகொண்டால் அதற்கு 95 என்று எண் கொடுக்கிறார்கள். எஞ்சினை 600 ஆர்பிஎம்மில் ஓட்டி எடுப்பது ரோன். மலேசியத் தமிழர்கள் 'ரோன் 95' என்று சொல்வது இதைத்தான். கலவையை நன்றாகச் சூடேற்றி 900 ஆர்பிஎம்மில் எடுப்பது மோன். சோதனை கடுமையானது என்பதால் அதே பெட்ரோலுக்கு மோன் எண் 8 முதல் 10 வரை குறைவாக வரும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் பங்க்கில் எழுதியிருப்பது ரோன்.

பொறுமையில்லாத பெட்ரோல் என்ன செய்யும்? சிலிண்டருக்குள் பிளக் பற்றவைத்த தீ ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பரவும்போது, இன்னும் எரியாத கலவையை அது முன்னால் தள்ளி நசுக்கிக்கொண்டே போகிறது. அந்த மிச்சக் கலவை தீ வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் தானே வெடித்தால், அழுத்த அலை சிலிண்டர் சுவரில் போய் மோதும். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வரும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதுதான். நீண்ட நாள் நடந்தால் பிஸ்டன் தலையின் விளிம்பு அரிக்கும், பிஸ்டன் ரிங் உட்கார்ந்திருக்கும் வரம்பு உடையும்.

சொகுசு எஸ்யூவி ஏன் இதில் கறாராக இருக்கிறது?

இரண்டே கால் டன் எடையை ஆறேழு நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இழுக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டிலும் தேற வேண்டும் என்றால், சிறிய எஞ்சினில் டர்போவை வைத்துக் காற்றைத் திணிப்பதுதான் வழி. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வரிசையில் பயன்பட்ட பி58 என்ற 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் வந்தபோதே அதன் அழுத்த விகிதம் 11:1, அதற்கு மேல் டர்போ. டர்போ எஞ்சின் என்றால் விகிதத்தை 9-க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்ற பழைய விதி, சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்த பிறகு தளர்ந்துவிட்டது. தெளிக்கும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது, அதனால் கூடுதல் அழுத்தம் தாங்கும். அப்படிக் கிடைத்த சலுகையை முழுக்கச் செலவழித்துத்தான் இந்த எஞ்சின்களை வடிவமைத்திருக்கிறார்கள். ஆக்டேன் குறைந்தால் கையிருப்பு இல்லை.

ஆனாலும் தப்பான பெட்ரோல் போட்ட மறுநாளே எஞ்சின் உடைந்து விழாது. எஞ்சின் பிளாக்கில் பொருத்தியிருக்கும் நாக் சென்சார், காதுக்குக் கேட்காத அளவிலேயே அந்த அதிர்வைப் பிடித்துவிடும். உடனே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், தேவைப்பட்டால் டர்போ அழுத்தத்தைக் குறைக்கும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், பிக்கப் போகும், மைலேஜ் குறையும், புகைக்குழாய்ப் பக்கம் சூடு ஏறும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் 'வண்டி கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது' என்பது மட்டும்தான். சத்தம் வரவில்லையே, ஆகவே எதைப் போட்டாலும் சரி என்று முடிவு கட்டுவது இங்கேதான் பிசகுகிறது. சத்தம் காதில் கேட்கிறது என்றால், சென்சாரால் சமாளிக்க முடிகிற எல்லையை நிலைமை ஏற்கெனவே தாண்டிவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, அடுத்த பங்க்கில் நல்ல ஆக்டேன் போடுங்கள். போட்டும் சத்தம் நிற்கவில்லையானால் பெட்ரோலைத் திட்டிப் பயனில்லை. பிளக், கூலன்ட், சிலிண்டருக்குள் படிந்த கரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து இதோடு குழப்பிக்கொள்ளப்படுகிறது. டர்போ எஞ்சினில் 1,500 ஆர்பிஎம் போன்ற குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை ஒரேயடியாக அழுத்தினால், ஸ்பார்க் வருவதற்கே முன்பு ஒரு பெரிய வெடிப்பு நிகழலாம். இதற்கு முக்கியக் காரணம் சிலிண்டருக்குள் சிதறும் எஞ்சின் ஆயில் துளிகள். ஆக்டேனைக் கூட்டினால் இது முழுதாகத் தீராது. 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரத்தில் இதைத் தடுப்பதும் ஒரு நிபந்தனை. வண்டிக்கு நிறுவனம் சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாமல் இருப்பதும், குறைந்த சுற்றில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இருப்பதும்தான் மருந்து.

ஸ்டிக்கரில் உள்ள சொல்லைப் படியுங்கள்

எண்ணை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்பது முக்கியம். 'குறைந்தபட்சம் ரோன் 95' என்றால் அது தரை. அதற்குக் கீழே இறங்கக் கூடாது, வேறு வழியே இல்லாத ஊரில் கொஞ்சம் போட்டு மெதுவாக ஓட்டித் தாண்டலாம், அவ்வளவுதான். 'பரிந்துரைப்பது ரோன் 98, குறைந்தபட்சம் 95' என்றால், விளம்பரத்தில் சொன்ன முழு குதிரைத்திறன் 98-ல் கிடைக்கும், 95-ல் எஞ்சின் தன்னைத் திருத்திக்கொண்டு எந்தக் கெடுதலும் இல்லாமல் ஓடும். போர்ஷே கேயென் கையேடும் வால்வோ பெட்ரோல் எஸ்யூவிகளின் கையேடும் இந்த வகை: 98 முழுத் திறனுக்கு, 95 வழக்கமான ஓட்டத்துக்கு. வெறுமனே '91 அல்லது அதற்கு மேல்' என்று இருந்தால், 95 போடுவதால் வண்டிக்கு நஷ்டமில்லை, பர்சுக்குத்தான்.

தரைக்கு மேலே எவ்வளவு உயரம் போனாலும் பயன் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். 95-க்கு ட்யூன் செய்த எஞ்சினில் ஸ்பார்க்கை முன்னே நகர்த்த ஈசியூவுக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கிறது. வரம்பைத் தொட்ட பிறகு வரும் ஆக்டேன் வேலையில்லாமல் புகைக்குழாய் வழியாகப் போகிறது.

இறக்குமதி வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கக் கையேட்டில் '91 ஆக்டேன்' என்று இருந்தால் அது ரோன் 91 ஆகாது. அங்கே பங்க்கில் எழுதுவது ரோனையும் மோனையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி, பெயர் ஏகேஐ. அமெரிக்கக் கணக்கில் 87 என்பது நம் கணக்கில் 91, 92-க்குப் பக்கம். அங்கே 91 என்பது இங்கே 95, 96. அங்கே 93 என்றால் இங்கே 98. இணையத்தில் அமெரிக்க விவரத்தைப் படித்துவிட்டு 'என் வண்டிக்கு 91 போதுமாம்' என்று இங்கே 91 போடுபவர் ஒரு படி கீழே போடுகிறார்.

இலங்கையில் ஓடும் ஜப்பானிய இறக்குமதி எஸ்யூவிகளில் இதற்கு நேரெதிர்ச் சிக்கல். ஜப்பானில் இரண்டே வகை: சாதாரணம், அதாவது குறைந்தது ரோன் 89, அடுத்தது அவர்கள் 'ஹைஓக்' என்று சொல்லும் உயர் ரகம், குறைந்தது ரோன் 96. மூடிக்குள்ளே ஜப்பானிய எழுத்தில் எது எழுதியிருக்கிறது என்பதை யாரிடமாவது காட்டிப் படித்துத் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணம் என்றிருந்தால் இலங்கையில் விற்கும் 92 தாராளம். ஹைஓக் என்றிருந்தால் 95 போட வேண்டும், அதுகூட ஒரு எண் குறைவுதான், ஆனால் இலங்கையில் கிடைப்பதில் அதுவே கிட்டத்தில் இருக்கிறது. துபாய், அபுதாபியில் 91, 95, 98 மூன்றும் வரிசையாக இருக்கின்றன. சிங்கப்பூரிலும் 95, 98 சுலபம். அங்கெல்லாம் குழப்பம் குறைவு, செலவுக் கணக்குதான் மிச்சம்.

தமிழ்நாட்டுப் பங்க்கில் என்ன கிடைக்கிறது?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கான எரிபொருள். கந்தகம் 10 லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, சாதாரணப் பெட்ரோலுக்கு அப்போது வைத்த ரோன் குறைந்தது 91. அதற்கு மேலே எண் போட்டு விற்கும் ரகங்கள்: இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, எக்ஸ்பி100, எச்பியின் பவர் 95, பவர் 99 போன்றவை. எக்ஸ்பி100 2020 டிசம்பரில் அறிமுகமானபோது லிட்டர் 160 ரூபாய்.

பெயரில் ஏமாறாதீர்கள். 'பவர்', 'ஸ்பீடு', 'பிரீமியம்' என்ற சொற்கள் ஆக்டேனைச் சொல்வதாகாது. ஒரு பிரீமியம் பெட்ரோல் ஆக்டேன் கூடியதாக இருக்கலாம், அல்லது அதே ஆக்டேனில் சுத்தம் செய்யும் ரசாயனம் மட்டும் சேர்த்ததாக இருக்கலாம். மெஷினில் எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அந்தச் சுத்தம் செய்யும் ரசாயனம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. இஞ்செக்டர் நுனியில் படியும் கறையைக் குறைக்கும். ஆனால் நேரடித் தெளிப்பு எஞ்சின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை, சிலிண்டருக்குள் நேராகப் போய்விடுகிறது. அதனால் வால்வின் முதுகில் படியும் கரியை எந்த விலையுயர்ந்த பெட்ரோலாலும் கழுவ முடியாது. அதைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுரண்டி எடுப்பதுதான் வழக்கம்.

இப்போது எத்தனாலுக்கு வருவோம், இன்றைய குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான். இப்போது சாதாரண மெஷினில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். எத்தனாலின் ஆக்டேன் எண் 108-க்கு மேல் என்பதால், இ20 பெட்ரோலின் ரோன் 95-ஐத் தொடுகிறது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் விளக்கம் கொடுத்தது. '95 கேட்கும் வண்டிக்கு 91 போடுகிறோமே' என்ற பழைய கவலை இதனால் பெரிதும் குறைந்திருக்கிறது. அந்த இடத்தில் வேறு இரண்டு கேள்விகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது, உங்கள் வண்டி இ20-க்கு ஏற்றதா? இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக், உலோகப் பாகங்கள் இ20-ஐத் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. எஞ்சினும் அதற்கென்றே ட்யூன் செய்யப்பட்டது 2025 ஏப்ரலிலிருந்து. அதற்கு முந்தைய பல சொகுசு எஸ்யூவிகளின் மூடியில் இ10 என்றுதான் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து முழுதாக இறக்குமதியான வண்டியில் ஒரு வட்டத்துக்குள் இ5, இ10 என்று போட்டிருப்பார்கள். வட்டம் பெட்ரோலுக்கு, சதுரம் டீசலுக்கு. இ10 வண்டியில் இ20 போட்டால் உடனே எதுவும் நடக்காது. எத்தனாலுக்கு அதே காற்றில் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்பதால் ஈசியூ தெளிக்கும் அளவைக் கூட்டிச் சரிக்கட்டும். சரிக்கட்டும் வரம்பு முடிந்துவிட்டால் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0171 போல 'கலவையில் பெட்ரோல் போதவில்லை' என்ற குறியீடு வரும். ரப்பர் குழாய், சீல், பம்ப் பாகங்கள் ஆகியவற்றின் தேய்மானம் வருடக்கணக்கில் தெரியும் விஷயம். மூடியில் இ10 என்றிருந்தால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் உங்கள் சேஸிஸ் எண்ணைச் சொல்லி, இ20 பற்றி எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வாரன்டிப் பேச்சு வரும்போது வாய்ச்சொல் செல்லாது. எக்ஸ்பி95 போன்ற 95 ரகங்களிலும் எத்தனால் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல்தான் வேண்டும் என்றால் 100 ஆக்டேன் பக்கம் போக வேண்டியிருக்கும், அங்கேயும் மெஷினில் எத்தனால் பற்றி என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகே நாசிலை எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, வண்டி எவ்வளவு நாள் சும்மா நிற்கிறது? சொகுசு எஸ்யூவிகளில் கணிசமானவை ஞாயிற்றுக்கிழமை வண்டிகள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான், அதனால் வண்டி திணறும், ஸ்டார்ட் ஆகாது. அதோடு மேலே மிஞ்சும் பெட்ரோல் தன் ஆக்டேனில் சில எண்களை இழந்துவிட்டிருக்கும், ஏனென்றால் அந்த 95-ஐத் தூக்கி நிறுத்தியதே எத்தனால்தான். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டி என்றால் டேங்க்கை முழுதாக நிரப்பி நிறுத்துங்கள், காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். இரண்டு மூன்று மாதத்துக்குள் ஓட்டித் தீர்த்துப் புதிதாகப் போடுங்கள். ப்ளக்-இன் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். தினமும் சார்ஜ் போட்டு ஊருக்குள்ளேயே ஓட்டினால் அதே பெட்ரோல் ஆறு மாதம்கூட உள்ளே கிடக்கும்.

இ20-ல் மைலேஜ் குறைகிறதே என்ற புகாருக்கும் பதில் கணக்கில் இருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அது 20 பங்கு கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் ஆற்றல் குறைந்த லிட்டர்தான் டேங்க்கில் இறங்குகிறது. ஆக்டேன் கூடியதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி ட்யூன் செய்த எஞ்சின் அதில் கொஞ்சத்தை மீட்கும். மற்றவை மீட்காது.

காசுக்கு ஈடு உண்டா?

ஒரு உதாரணக் கணக்கு. சாதாரணம் லிட்டர் 101 ரூபாய், 95 ரகம் 109, 100 ரகம் 160 என்று வைப்போம். வண்டி சாதாரணத்தில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தருகிறது. 95 ரகம் தன் விலைக்கு ஈடுகொடுக்க 8.6 கிலோமீட்டர் தர வேண்டும். 91-ல் ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு திணறிய எஞ்சின் 95-ல் இதை நெருங்க வாய்ப்புண்டு. ஆனால் சாதாரண மெஷினிலேயே 95 ரோன் இ20 வருகிறதென்றால் அந்த வாய்ப்பும் சுருங்கிவிடும். 100 ரகம் ஈடுகொடுக்க 12.7 கிலோமீட்டர் தர வேண்டும். இரண்டே கால் டன் எஸ்யூவியில் பெட்ரோலை மாற்றி அதை எடுக்க எந்த எஞ்சினாலும் முடியாது. 80 லிட்டர் டேங்க்குக்கு 4,700 ரூபாய் கூடுதல். 98 கேட்கும் எஞ்சின், எத்தனாலே ஆகாத பழைய இறக்குமதி, ரேஸ் டிராக்: இந்த மூன்றைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

உங்கள் வண்டியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பங்க்கில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்புங்கள். அதே வழி, அதே டயர் காற்று, ஏறக்குறைய அதே சுமை. மறுபடி அதே இடத்தில் நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். டேஷ்போர்டில் வரும் மைலேஜ் எண்ணை நம்ப வேண்டாம். முக்கியமாக, ரகம் மாற்றிய முதல் டேங்க்கை கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய பெட்ரோல் அடியில் கலந்திருக்கும், ஈசியூவும் ஸ்பார்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னுக்குக் கொண்டுவரும். இரண்டாவது, மூன்றாவது டேங்க்கின் சராசரிதான் பேசும்.

கலந்து போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. கிட்டத்தட்ட நேர்க்கணக்குதான்: 40 லிட்டர் 91-உம் 40 லிட்டர் 99-உம் சேர்ந்தால் சுமார் 95. வெளியூரில் 91 மட்டுமே கிடைத்தால் டேங்க்கை நிரப்பாமல் 15, 20 லிட்டர் போட்டுக்கொண்டு, அடுத்த பெரிய ஊரில் உயர் ரகத்தால் மேலே நிரப்புங்கள். தப்பாகப் போட்டுவிட்டோம் என்று டேங்க்கை இறக்கிக் காலி செய்ய வேண்டியதில்லை. அந்த டேங்க் தீரும் வரை ஸ்போர்ட் மோட் வேண்டாம், படகையோ டிரெய்லரையோ இழுக்க வேண்டாம்.

நாக்கிங்குக்குப் பிடித்தமான சூழ்நிலை எது என்று தெரிந்தால் எங்கே கஞ்சத்தனம் கூடாது என்பதும் தெரியும். மே மாத வெயில், ஏழு பேர், மேலே லக்கேஜ், ஏசி முழு வேகம், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, குறைந்த சுற்றில் முழுச் சுமையை இழுக்கிறது எஞ்சின். அன்றைக்கு மட்டுமாவது கையேடு பரிந்துரைக்கும் ரகத்தைப் போடுங்கள், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் பேடிலால் ஒரு கியர் குறைத்தே ஏறுங்கள். மலையில் காற்று மெலிவு, ஆக்டேன் குறைந்தாலும் பரவாயில்லை என்பது டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்குச் சொன்னது. டர்போ அந்தக் குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதால் அந்தச் சலுகை இதற்குக் கிடையாது.

பாட்டிலில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பற்றி ஒரு வரி. '5 பாயின்ட் கூட்டும்' என்றால் பெரும்பாலும் அரை எண், 95 என்பது 95.5 ஆகும் என்று அர்த்தம். பத்து பாயின்ட் சேர்ந்ததுதான் ஒரு ஆக்டேன். இரும்பு, மாங்கனீசு கலந்த பூஸ்டர்கள் பிளக்கிலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் படிந்துவிடும். கன்வெர்ட்டர் மாற்றும் செலவில் பல வருடம் நல்ல பெட்ரோல் போடலாம்.

உயர் ரகம் போடுவதென்றால் அது நன்றாக விற்கும் பங்க்கைத் தேடுங்கள். வாரக்கணக்கில் நிலத்தடி டேங்க்கில் தூங்கிய 99-ஐவிட, தினம் லாரி வந்து இறங்கும் 95 மேல்.

டீசல் எஸ்யூவி என்றால்

இங்கே ஆக்டேன் பேச்சே கிடையாது. டீசல் தானாகப் பற்றியாக வேண்டும், அதன் வேகத்தை அளப்பது சீட்டேன் எண். பிஎஸ்6 டீசலுக்கு அது குறைந்தது 51, கந்தகம் 10 பங்குக்குள். எந்தச் சொகுசு டீசல் எஸ்யூவிக்கும் இது போதும். பிரீமியம் டீசல் இஞ்செக்டரைச் சுத்தமாக வைக்க உதவலாம், ஆனால் ஊருக்குள்ளேயே ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓட்டி அடைத்துக்கொண்ட, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியை அது திறந்துவிடாது. அதற்கு வாரம் ஒருமுறை இருபது முப்பது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டுவதுதான் வைத்தியம். இலங்கையில் கதை வேறு. அங்கே ஆட்டோ டீசல், சூப்பர் டீசல் என்று இரண்டு உண்டு. டிபிஎஃப் உள்ள புதிய எஸ்யூவிக்குக் கந்தகம் குறைந்த சூப்பர் டீசல்தான் சரி.

டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிடுவது சுலபமாக நடக்கும், ஏனென்றால் பெட்ரோல் நாசில் மெலிது, டீசல் வாய்க்குள் நுழைந்துவிடும். சில ஜெர்மன் வண்டிகளில் மெலிந்த நாசிலைத் தடுக்கும் தகடு இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. போட்டுவிட்டது தெரிந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது. இக்னிஷன் போட்டாலே டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓடி, பெட்ரோலை முன்னால் தள்ளத் தொடங்கிவிடும். 2,000 பாருக்கு மேல் அழுத்தும் உயர் அழுத்தப் பம்ப்புக்கு எண்ணெய்ப் பசையே டீசல்தான். பெட்ரோல் அதைக் கழுவிவிட்டால் உலோகம் உரசி, அந்தத் தூள் இஞ்செக்டர் வரை போகும். நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்க்கைக் காலி செய்ய ஆள் கூப்பிடுங்கள்.

டீசல் வண்டியில் இருக்கும் நீல மூடி, புகையின் மாசைக் குறைக்கும் ஆட்ப்ளூ என்ற திரவத்துக்கு. 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணீர். அதை டீசல் டேங்க்கில் ஊற்றினாலும் இதே விதி, ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆட்ப்ளூ தீரப்போகிறது என்று டேஷ்போர்டு கிலோமீட்டரைக் கீழ்நோக்கி எண்ணத் தொடங்கினால் அலட்சியம் வேண்டாம், பூஜ்யம் வந்த பிறகு எஞ்சினை நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. கேனில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை வருடம் தாங்கும், 30-க்குள் ஒரு வருடம், 35 டிகிரியில் ஆறே மாதம். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் உபரி கேனை வைத்திருப்பவர்கள் அந்த ஆறு மாதத்தைக்கூட நம்ப முடியாது.